புதுச் செருப்பு கடித்தால்

ஜஹீருன்னிசா தன் குரலை முதன்முதலில் தெருவில் கேட்டது ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடை வாசலில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் லியாகத் அலி பார்சலுக்காகக் கூட்டத்தில் முண்டிக்கொண்டிருந்தார். அவள் புர்காவுக்குள் வியர்த்துக்கொண்டு ஆட்டோவை ஒட்டி நின்றிருந்தாள். கடைக்குள் ஸ்பீக்கரில் ஓர் இங்கிலீஷ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுவது தன் அண்ணன் மகள் ஜோயா என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இங்கிலாந்தில் பேர் வாங்கிய பாடகி, அதுவும் தன் பாட்டைத் தானே எழுதுகிறவள், நம்ம வாணியம்பாடி நிசார் பாய் பெண் என்று ஊரே அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தது. அத்தைக்காரி பெருமையோடு காதைக் கொடுத்தாள்.

பாட்டு பாதியில் தாழ்ந்தது. வாத்தியமெல்லாம் அடங்கியது. தனியாக ஒரு பெண் குரல் உருதுவில் பாடத் தொடங்கியது. அது ஜோயாவின் குரல் இல்லை, ஜஹீருன்னிசாவின் குரல். பார்சல் கவுண்டர் முன்னால் நின்ற ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டோக்கனால் மேஜையில் தாளம் போட்டார். யாரோ வந்து தன் முகத்திரையைப் பிடித்து இழுத்ததுபோல அவள் இரண்டு கையாலும் துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

லியாகத் அலி பார்சலோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியா, நம்ம ஜோயா புதுப் பாட்டு. நடுவுல ஒரு அம்மா பாடுது பாரு, பம்பாய்க்காரி போல. இன்னா குரல்."

"பிரியாணி ஆறிடும், வாங்க" என்றாள் ஜஹீருன்னிசா.

இதில் யார் மேல் தப்பு என்று கேட்டால் சொல்வது கஷ்டம். அதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண வீட்டின் உள்ளறைக்குப் போகவேண்டும். இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மஞ்சள் பூசும் நாளன்று ஆண்கள் பந்தலில் உட்கார்ந்து டீ குடித்தபடி தோல் விலை பேசுவார்கள். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு டோலக் அடித்துப் பாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரை வறுத்தெடுக்கும் பாட்டு ஒன்று, மணப்பெண்ணை அழவைக்கும் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போகும். ஜஹீருன்னிசா அந்த அறையின் ராணி. ஒவ்வொரு பெண்ணுக்கும் புதிதாகப் பாட்டுக் கட்டுவாள். "ஜஹீரு ஆபா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோலக்கை உறையிலிருந்து எடுப்பார்கள்.

அந்த அறையில் பாட்டைக் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் கிடையாது. பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ இன்னொரு கல்யாணத்தில் அவரவர் தொண்டையில் அதைப் பாடிக்கொள்ளலாம். பாட்டு கதவைத் தாண்டிப் போகும், குரல் போகாது. இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வந்து மிரட்டியதும் இல்லை. சோற்றை வலது கையால் சாப்பிடுவதுபோல அது பாட்டுக்கு இருந்தது.

லியாகத் அலியும் அவளைத் தடுத்தவரில்லை. கல்யாணமான புதிதில் வீட்டில் மாமியார் இருந்தார், அவளுக்குக் கூச்சமும் இருந்தது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வாயிலிருந்த பாட்டு நின்றுவிடும். பிறகு மாமியார் போய்ச் சேர்ந்தார், கூச்சமும் போனது. நின்ற பாட்டு மட்டும் நின்றபடியே இருந்துவிட்டது. பாடாதே என்று அவர் சொன்னதில்லை. பாடு என்றும் சொன்னதில்லை. அவள் பாடுவாள் என்று தெரிந்தால்தானே சொல்ல.

ஸ்பீக்கரில் வந்த பாட்டை அவள் தன் அண்ணிக்காகக் கட்டியிருந்தாள். அண்ணன் நிசார் அஹமது தோல் வியாபார விஷயமாக லெஸ்டர் நகரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணம் முடிந்து புதுப்பெண் கடல் தாண்டிப் போகவேண்டும். அவளை உட்காரவைத்து ஜஹீருன்னிசா பாடினாள். உருதுவில் கேட்டால்தான் அழகு, ஆனாலும் பொருள் இதுதான்: அப்பா வாங்கித் தந்த புதுச் செருப்பு உன்னைத் தூரத்துக்குக் கூட்டிப் போகிறது மகளே. கடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள். வெறுங்காலோடு வீட்டுக்கு வா. பாட்டுக்குள் செருப்பு வந்தது சும்மா இல்லை, ஊரில் பாதிப்பேருக்குச் செருப்பும் ஷூவும்தான் சோறு போடுகின்றன. அந்த அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் விசும்பினார்கள்.

அண்ணி திரும்பி வரவில்லை. லெஸ்டரிலேயே நோய் வந்து சீக்கிரமாகப் போய்விட்டாள். நிசார் அஹமது பெண் குழந்தையைத் தனியாக வளர்த்தார்.

ஜோயாவின் வாழ்க்கையை ஜஹீருன்னிசா முழுக்கப் போன் வழியாகத்தான் பார்த்தாள். பள்ளிக்கூடம் படிக்கும்போதே படுக்கையறையில் கிடாரை வைத்துக்கொண்டு பாடி இணையத்தில் போட்டாள். "இந்தப் பொண்ணு இன்னா பண்ணுதுன்னே புரியல ஜஹீரு" என்று அண்ணன் போனில் புலம்பினார். புலம்பிய கையோடு அந்த வீடியோவையும் அனுப்பிவைத்தார். அவள் எழுதிய முதல் பாட்டே அந்த நாட்டை ஒரு கலக்குக் கலக்கியது. பிறகு ஜிகினா உடுப்பு, பெரிய பெரிய மேடை, சினிமா நடிகைபோல எங்கே போனாலும் கேமரா. வாணியம்பாடி சொந்தக்காரர்களில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஒளிந்து ஒளிந்து அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். நிசார் அஹமது ஒவ்வொரு கச்சேரிக்கும் போவார். கடைசி வரிசையில், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேடையில் அவள் பேசும்போது கைதட்டமாட்டார். பாடி முடித்ததும் எல்லோருக்கும் பிறகுதான் தட்டுவார்.

ஏறின வேகத்திலேயே அவள் இறங்கவும் செய்தாள். பாட்டுக் கம்பெனிக்காரன் ஓய்வே கொடுக்காமல் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனான். ஒருநாள் மேடையில், பாட்டின் உச்சியில், தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மாதக்கணக்கில் பேசக்கூடாது என்றார்கள். குரல் திரும்பி வந்தபோது மேல்பாதியைக் காணோம். அடுத்த ஆல்பம் படுத்துவிட்டது, கம்பெனி கைகழுவியது. அவள் கதை முடிந்தது என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. ஜோயா அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து, அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போடும்போது அவர் எப்போதும் ஒரே மெட்டைத்தான் முணுமுணுப்பார், மனைவி பாடிக் கேட்டது.

பிறகு அவரும் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஜஹீருன்னிசா அண்ணன் முகத்தைப் போனில்தான் பார்த்தாள்.

கொஞ்ச காலம் கழித்து ஜோயாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. வீட்டு உருதுதான், அப்பனிடம் கற்ற வாணியம்பாடி உருது. அதை இங்கே தமிழில்தான் சொல்லியாகவேண்டும், ஃபுப்பு என்றால் அத்தை. "ஃபுப்பு, அப்பா முணுமுணுப்பாரே ஒரு பாட்டு, அது இன்னா? எனக்கு மெட்டு மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் பாடி அனுப்புங்க." கூடவே அவள் முனகிக் காட்டிய மெட்டு, அண்ணிக்குக் கட்டிய அதே செருப்புப் பாட்டு.

லியாகத் அலி தோல் பதனிடும் டேனரிக்கு வேலைக்குப் போயிருந்தார். ஜஹீருன்னிசா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, போனைச் சமையல் மேடைமேல் சாய்த்து வைத்துப் பாடினாள். அண்ணனை நினைத்துப் பாடினாள். கடைசி அடிக்கு முன்னால் குக்கர் கத்தியது, போனை நிறுத்திவிட்டாள். அதையே அனுப்பினாள். ஜோயா அழுதபடி கேட்டாள்: "ஃபுப்பு, நான் ஒரு பாட்டு எழுதிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள இத வெச்சிக்கட்டா?" அத்தைக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. உள்ளறையில் எத்தனையோ பெண்கள் கேட்டதைத்தானே இவளும் கேட்கிறாள். தாராளமாக எடுத்துக்கோ என்றாள். எடுத்துக்கொண்டவள் தன் தொண்டையில் பாடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அங்கேதான் இடறியது. கதவு சாத்திய அறையில் ஒருநாளும் உட்கார்ந்திராத பெண் ஜோயா. பாட்டைக் கேட்டு வாங்கியவள் குரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

பிரியாணிக் கடையில் அது நடந்த அன்று சாயங்காலமே மகள் லுப்னா ஓடி வந்தாள். அடுத்த தெருவில் குடியிருப்பவள், ஷூ கம்பெனி ஆபீசில் வேலை. அவளுக்கு முன்னாடியே தெரியும், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"அம்மி, சாப்பாட்டு நேரத்துல பொண்ணுங்க போன்ல போட்டாங்க. கேட்டதும் கையில இருந்த சோறு அப்படியே நின்னுடுச்சி."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். உன் குரல கேக்காத கல்யாணம் இந்த ஊர்ல ஏது? ஆம்பளைங்க ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டாங்க, பயப்படாத."

அப்படியேதான் நடந்தது. ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்த ரகசியம் மிச்சப் பாதிக்குத் தெரியாமல் இருந்தது. பெண்கள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஜஹீருன்னிசாவின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்கள். அடுத்த கல்யாணத்தில் டோலக்கை எடுப்பதற்கு முன்னால் எல்லாப் போனையும் வாங்கி ஒரு முறத்தில் போட்டுப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டினார்கள். அவள் பாட வாயைத் திறந்தாள். அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முதலில் அவளுக்கு இருந்தது பயம்தான். பிரியாணிக் கடையிலும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கண்ட கண்ட ஆண்கள் தன்னைக் கேட்கிறார்களே என்று உடம்பு கூசியது. லியாகத் அலிக்குத் தெரிந்தால் பள்ளிவாசலில் அவர் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார் என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது. அதை வெளியே கொண்டுவந்தது ஒரு குக்கர்.

அந்தப் பாட்டின் முடிவில் அவள் குரல் ஒரு விசில் சத்தத்தில் போய் நிற்கும். ஜோயா அதையும் வெட்டாமல் வைத்திருந்தாள். அது ரயில் சத்தம், ஊரைவிட்டுப் போகிறவர்களின் துக்கம் அதில் இருக்கிறது என்று லண்டன் பத்திரிகை ஒன்றில் யாரோ அரைப் பக்கம் எழுதியிருந்தார்களாம். பருப்பு வெந்த சத்தத்துக்கு அவ்வளவு மரியாதை. ஒருநாள் காலையில் லியாகத் அலி ஹாலில் உட்கார்ந்து போனில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் குக்கர் கத்தியது. பழைய குக்கர், இழுத்துக் கத்தி, முடிவில் விக்கல் எடுத்ததுபோல நிற்கும். அவர் எழுந்தே வந்துவிட்டார்.

"லுப்னா அம்மி, இத கேளு. பாட்டுல ரயிலுன்னு சொல்றாங்களே, அச்சு அசலா நம்ம குக்கர் மாதிரியே விக்குது பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி டேனரிக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே தோல் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது ஆடு பட்டினி கிடந்த காலத்துத் தோல் என்று சொல்லிவிடுவார். ஜஹீருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். குக்கரைத் தெரிகிறது இந்த மனுஷனுக்கு. என்னைத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்து, பிள்ளை பெற்று, நோயில் பக்கத்தில் இருந்து, என் குரலைத் தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் வாயில்லை. ஒளித்து வைத்தவள் அவள்தானே. அழுகை வந்தது, அழுதாள்.

மே மாதம் ஜோயா வந்தாள். சென்னையில் இறங்கி, ஹைவேயில் நேராக ஆம்பூருக்குக் காரில் வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்ற முடியாமல் குனிந்து நின்றாள். மேடையில் பார்த்த ஜிகினா எதுவும் இல்லை. மெலிந்து, கண்ணுக்குக் கீழே கருத்து, அண்ணனின் மூக்கோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் ஜஹீருன்னிசாவுக்கு எங்கேயோ போய்விட்டது. லியாகத் அலி வீட்டில்தான் இருந்தார். மருமகளுக்கென்று ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வரவழைத்து வைத்திருந்தார். சாப்பிடவைத்தார், நிசாரின் பழைய சேஷ்டைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, பாட்டுல பாடுறாங்களே ஒரு அம்மா, யாரது? பம்பாய்க்காரங்களா?"

ஜோயா அத்தையைப் பார்த்தாள். "டீ போடறேன், நீ வந்து பால எடுத்துக் குடு" என்று ஜஹீருன்னிசா எழுந்துவிட்டாள்.

அடுக்களையில் ஜோயா மெல்லப் பேசினாள். லுப்னா அவளுக்கு எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் ஃபுப்பு. எனக்குத் தெரியல. நானே பாடத்தான் ட்ரை பண்ணேன். அந்த எடத்துக்கு என் தொண்ட ஏறல. உங்களோடத வெச்சிக் கேட்டேன். அப்பா பக்கத்துல நின்னு இஸ்திரி போடற மாதிரி இருந்துச்சி. விட மனசு வரல."

"யாருக்கும் சொல்லலியே நீ."

"கேக்கறாங்க. இப்ப அந்தப் பாட்ட மறுபடியும் வெளியிடப் போறாங்க. இந்தத் தடவ பேரு போட்டே ஆகணும், எழுதினது யாரு, பாடினது யாருன்னு. பேரு போடணும், இல்லன்னா உங்க குரல எடுத்துடணும். அதான் நேர்ல கேக்க வந்தேன். நீங்க வேணாம்னா எடுத்துடறேன். சத்தியமா."

"எடுத்துட்டா உன் கதி?"

ஜோயா பால் பாத்திரத்தை எடுத்து நீட்டினாள். "எனக்கு இப்ப அந்தப் பாட்டு ஒண்ணுதான் ஃபுப்பு. அத வெச்சித்தான் என்ன திரும்பக் கூப்பிடறாங்க. போனாப் போவட்டும். அப்பாவோட தங்கச்சிய அழவெச்சி நான் பாட வேணாம்."

ஜஹீருன்னிசா அவள் காலைப் பார்த்தாள். பூட்ஸ் கடித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. செருப்பு கடித்தால் வெறுங்காலோடு வீட்டுக்கு வா என்று இவள் அம்மாவுக்குத்தான் பாடினாள். அம்மா வரவில்லை, அப்பாவும் வரவில்லை. பெண் வந்து நிற்கிறது. வந்தவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பவா அந்தப் பாட்டைக் கட்டினாள்? ஊர் பேசும். பேசட்டும், ஊருக்கு வேறு என்ன வேலை. அவளுக்குக் கணக்கு ஒரே ஒரு ஆளோடுதான்.

"பேரு போடு" என்றாள். "ஜஹீருன்னிசா, ஆம்பூருன்னு முழுசாப் போடு. ஆனா அவரு அத பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது. ஊரே கேட்டுடுச்சி, அவருக்கு மட்டும் நான் இன்னும் பாடல."

ஹாலில் லியாகத் அலி பாட்டைப் போட்டிருந்தார். ரயிலா குக்கரா என்று ஜோயாவிடமே தீர்ப்பு வாங்கிவிடும் எண்ணம். "இப்ப வரும் பாரும்மா, காது குடுத்துக் கேளு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஜஹீருன்னிசாவின் குரல் போனுக்குள்ளிருந்து பாடியது. கடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள் மகளே, வெறுங்காலோடு வீட்டுக்கு வா. விசில் இழுத்து, விக்கி, நின்றது. பாட்டு முடிந்தது.

டீ கொதித்துப் பொங்கியது. ஜஹீருன்னிசா அடுப்பை அணைத்தாள். அடுக்களைக் கதவு திறந்தேதான் இருந்தது, அவள் அதைச் சாத்தவில்லை. ஜோயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் குக்கர் பாடவிடாமல் தடுத்த கடைசி அடியைப் பாடத் தொடங்கினாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கமாட்டோம் மகளே, கால் கழுவத் தண்ணீர் வைத்திருக்கிறோம். முதல் வார்த்தை உடைந்தது. இரண்டாவது வார்த்தை நிலைத்து நின்றது. மூன்றாவதில் குரல் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

ஹாலில் லியாகத் அலி, பாட்டு மறுபடியும் ஓடுகிறதென்று நினைத்து, சத்தத்தைக் குறைக்கப் போனைக் கையில் எடுத்தார். போன் அணைந்து கிடந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே வாசல் வழியாக ஜோயாவின் முதுகும், அவள் தோள்மேல் இருந்த மனைவியின் கையும் தெரிந்தன. பாட்டு நிற்கவில்லை.

அவர் போனை மெல்லக் கீழே வைத்தார். எழுந்து சுவரோரம் போய், அந்த மே மாத வெயிலில், ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டு நின்றபடியே கேட்டார்.